காய்கறியும் பழமும் கொஞ்சம் கூடுதலாக: வளர்ப்பவர்களும் சாப்பிடுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல வருடங்களாகத் தொட்டியிலும் மண்ணிலும் காய்கறி வளர்த்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், வீட்டில் இன்னும் கொஞ்சம் காய், பழம் சாப்பிட வைக்க முயல்பவர்களின் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இரண்டு விஷயத்தையும் ஒரே பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நான்காவது கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்குக் குறைந்தது 400 கிராம். காயும் பழமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பல நாடுகளில் இதை 80 கிராம் வீதம் ஐந்து பங்காகப் பிரித்துச் சொல்கிறார்கள். நடுத்தர அளவு ஆப்பிள் ஒன்று ஒரு பங்கு. வேகவைத்த காய் என்றால் குவியலாக மூன்று மேசைக்கரண்டி ஒரு பங்கு.

எண்ணிக்கை பயமுறுத்தினால் அதை மறந்துவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். பாதித் தட்டு காயும் பழமுமாக இருந்தால் அளவு தானாகவே வந்துவிடும். இப்போது தட்டின் ஒரு மூலையில்தான் காய் இருக்கிறது என்றால், இந்த வாரம் அந்த மூலையை இரண்டு மடங்காக்குங்கள். ஒரே நாளில் 400 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பும். நார்ச்சத்துக்குக் குடல் பழக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள், தண்ணீரும் கூடவே குடியுங்கள்.

உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வருமா?

வராது. மரவள்ளி, சேனை போன்ற மாவுச்சத்துக் கிழங்குகளும் அப்படித்தான். அவை கெட்டவை என்று அர்த்தமில்லை, தட்டில் தானியத்தின் இடத்தில் வைக்க வேண்டியவை. கேரட், முள்ளங்கி, பீட்ரூட் கணக்கில் வரும்.

சாப்பிடாவிட்டால் என்ன ஆகிவிடும்? இத்தனை நாள் நன்றாகத்தானே இருக்கிறேன்?

முன்பு இதற்கு விடை கண்ணுக்குத் தெரிந்தது. மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயங்கள் மறுபடி திறக்கும். ஸ்கர்வி என்ற அந்த நோயில் செத்தவர்கள் ஏராளம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர் சில நாட்களிலேயே எழுந்து நடமாடினார்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பல்களிலும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது 1795 வாக்கில்தான். கண்ணெதிரே விடை இருந்தும் அது தட்டுக்கு வர 40 வருடத்துக்கு மேல் ஆனது. இந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் இன்றைக்கும் பெரும்பாலான வீடுகளில் அதே கதைதான். காய்கறி நல்லது என்று தெரியாதவர் யார்?

இன்றைய பாதிப்பு ஸ்கர்வி போல வேகமாக வருவதில்லை. இதய நோய், பக்கவாதம், சில வகைப் புற்றுநோய்கள் என்று மெதுவாக, பல வருடம் கழித்து வருகிறது. 2017இல் உலகில் சுமார் 39 லட்சம் மரணங்களுக்குப் போதிய காய்கறி, பழம் சாப்பிடாதது காரணமாக இருந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இது மதிப்பீடுதான், ஒவ்வொரு சாவிலும் எழுதி ஒட்டிய காரணம் இல்லை. ஆனாலும் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்ற நிம்மதியை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

வாங்கிச் சாப்பிட்டால் போதாதா? எதற்கு வளர்க்க வேண்டும்?

போதும். வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. நானும் பெரும்பகுதியை வாங்கத்தான் செய்கிறேன். இரண்டு தொட்டி ஒரு குடும்பத்தின் தேவையைத் தீர்த்துவிடாது.

ஆனால் வளர்க்கும் வீட்டில் வேறு ஒன்று நடக்கிறது. விதை போட்டு, முளை வந்ததா என்று தினமும் எட்டிப் பார்த்து, ஒருநாள் பறித்த கீரையை யாரும் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்திருப்பதில்லை. கடைக் கீரை குளிர்பெட்டியின் அடியில் கிடந்து வாடுவதை வருத்தமில்லாமல் தூக்கிப் போடும் அதே ஆள், தான் வளர்த்த நாலு இலையைக் கழுவித் துடைத்துப் பத்திரமாகச் சமைப்பார். காய் சாப்பிடு என்று எத்தனை அறிவுரை சொன்னாலும் வராத பழக்கம், ஒரு தொட்டியால் வந்ததை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். செடிக்கும் தட்டுக்கும் இடையே உள்ள தூரம் குறையக் குறைய, சாப்பிடும் அளவு கூடுகிறது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது இதுதான்.

சத்து விஷயத்திலும் தூரத்துக்குப் பங்கு உண்டு. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, தன்னிடம் இருப்பதைச் செலவழிக்கிறது. கீரை வகைகள் வெப்பத்தில் கிடந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே வைட்டமின் சி வேகமாகக் குறையும். பறித்துப் பத்து நிமிடத்தில் அடுப்புக்குப் போகும் கீரைக்கு அந்த இழப்பே இல்லை.

சாதாரண மனிதர்கள் சேர்ந்து வளர்த்தால் எவ்வளவு முடியும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் போடப்பட்டன. அந்த நாட்டுக் காய்கறியில் ஏறத்தாழ 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1991இல் சோவியத் யூனியன் சிதறிய பிறகு உரமும் எரிபொருளும் கிடைக்காமல் போன கியூபாவில், ஹவானா நகரத்துக் காலி மனைகள் எல்லாம் காய்கறிப் பாத்திகளாயின. நெருக்கடி வந்தால்தான் வளர்க்க வேண்டும் என்று இல்லையே.

எனக்கு இடமே இல்லை. ஒரு ஜன்னல்தான் இருக்கிறது.

சரி, ஜன்னலில் தொடங்குங்கள். கொத்தமல்லி, புதினா, வெந்தயம், கடுகு ஆகியவற்றுக்கு 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள எந்தப் பாத்திரமும் போதும். அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம். வெந்தயத்தையும் கடுகையும் அடர்த்தியாகத் தூவி, ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் இளங்குருத்தாகவே கத்தரித்துச் சாப்பிடலாம். ஆனால் தக்காளி, கத்தரி, உருளை ஆகியவற்றின் முளைகளை இப்படிச் சாப்பிடக் கூடாது. அந்தக் குடும்பத்து இலைகளில் நச்சுப் பொருட்கள் உண்டு.

மாடியில் வைப்பதாக இருந்தால் எடையை யோசியுங்கள். நனைந்த தோட்ட மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். 20 லிட்டர் பை ஒன்றே 30 கிலோ ஆகிவிடும். தேங்காய் நார்த்தூள் கலந்தால் எடை நன்றாகக் குறையும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ தூணோ இருக்கும் ஓரங்களில் வையுங்கள்.

வெயில் எவ்வளவு வேண்டும்?

காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நன்றாக வருகிறது என்று நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு மணி நேரம்தான் வரும்.

முதன்முதலில் எதை விதைக்கலாம்?

சீக்கிரம் வருவதை. தொடக்கத்தில் பொறுமைக்குச் சோதனை வைக்கக் கூடாது. முள்ளங்கி 25 முதல் 35 நாளில் பிடுங்கலாம், அதன் இலையையும் சமைக்கலாம். முளைக்கீரை மூன்று நான்கு வாரம். வெண்டை விதைத்து 45 முதல் 55 நாளில் முதல் காய். செடி பீன்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். தக்காளிக்கு நாற்று நட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், நோயும் அதிகம். எல்லோரும் தக்காளியில்தான் தொடங்குகிறார்கள். அது இரண்டாவது வருடத்துக்கான செடி என்பது என் கருத்து.

இன்னொன்று, வீட்டில் விரும்பிச் சாப்பிடுவதை விதையுங்கள். சுலபமாக வளர்கிறது என்பதற்காக யாருக்கும் பிடிக்காத காயை வளர்த்து என்ன பயன்?

விதையை அதன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் போடுங்கள். கீரை விதையைத் தூவி மேலே சிறிது மண் தெளித்தாலே போதும். பீன்ஸ் விதையை விரலின் முதல் கணு அளவுக்கு அழுத்தலாம். கொத்தமல்லி விதை என்று நாம் சொல்வது இரண்டு விதை சேர்ந்த காய், லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் நன்றாக முளைக்கும்.

மண் கலவை எப்படி?

ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். இதிலிருந்து தொடங்குங்கள், பிறகு உங்கள் மண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணமும் மக்காத குப்பையும் வேரைக் கருக்கிவிடும்.

தண்ணீர் தினமும் ஊற்ற வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று நினைத்துத்தான் என் முதல் ஆறு செடிகளையும் இழந்தேன். இலை தொங்கியது, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறி அழுகி, துர்நாற்றம் அடித்தது. வேருக்கும் காற்று வேண்டும் என்பதும், தண்ணீரிலேயே ஊறும் வேர் மூச்சு முட்டிச் செத்து, அதன் பிறகு தண்ணீரையே உறிஞ்ச முடியாமல் போகும் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதிகத் தண்ணீரிலும் செடி வாடும், குறைந்த தண்ணீரிலும் வாடும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

எனவே இலையைப் பார்க்காதீர்கள், மண்ணைத் தொடுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாகக் கசியும் வரை ஊற்றுங்கள். தினமும் மேலாகக் கொஞ்சம் தெளிப்பதைவிட, தேவைப்படும்போது ஆழமாக ஊற்றுவதே வேரைக் கீழே இறக்கும். உச்சி வெயிலில் இலை தொங்கி மாலையில் தானாக நிமிர்ந்தால் அது நோய் இல்லை, செடி தன்னைக் காத்துக்கொள்கிறது. காலையில் ஊற்றுவது நல்லது. இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். தொட்டி மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் பாதி வேலை மிச்சம்.

பூவெல்லாம் பூக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை. ஏன்?

எந்தச் செடி என்பதைப் பொறுத்தது.

பூசணி, சுரை, பாகல், வெள்ளரி, பீர்க்கு ஆகிய கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒன்று இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பல கொடிகளில் முதலில் ஆண் பூக்களே வரிசையாக வந்து உதிரும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பெண் பூ வந்தும் குட்டிக் காய் மஞ்சளாகி விழுந்தால், தேனீ வரவில்லை என்று அர்த்தம். நீங்களே தேனீ ஆகலாம். பூ புதிதாக விரிந்திருக்கும் நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவில் உள்ள மகரந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கு இது அதிகாலை வேலை. சுரைக்காய் வெள்ளைப் பூ மாலையில் விரிவது, அதற்கு மாலையில் செய்யுங்கள்.

தக்காளியும் கத்தரியும் வேறு மாதிரி. ஒரே பூவில் இரண்டும் உண்டு, அசைவு மட்டும்தான் தேவை. காற்றே இல்லாத பால்கனியில் பூங்கொத்தின் காம்பைத் தினமும் காலையில் விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும், அப்போது நிழல்வலை கட்டிக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

செடி கரும்பச்சையாகத் தழைத்து, பூவே வரவில்லை என்றால் தழைச்சத்து அதிகமாகிவிட்டது. உரத்தைச் சில வாரம் நிறுத்துங்கள்.

பூச்சிக்கு என்ன செய்வது?

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் இலைக்கு அடியிலும் குருத்திலும்தான் குடியிருக்கும். கொஞ்சமாக இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோ விரலால் நசுக்கியோ அப்புறப்படுத்துங்கள். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். பொறிவண்டைக் கண்டால் விட்டுவிடுங்கள். அதுவும் அதன் குட்டிப் புழுவும் அசுவினியைத் தின்பவை. அந்தப் புழு பார்க்க முதலை போல இருப்பதால் பலர் பகையென்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள், பாவம்.

போன தடவை நன்றாகக் காய்த்த செடியின் விதையையே மறுபடி போடலாமா?

நாட்டு விதை என்றால் தாராளமாக. கலப்பின விதை என்றால் முளைக்கும், ஆனால் தாயைப் போல இருக்காது, அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரிந்துபோகும். பீன்ஸ், தக்காளி போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, விதை எடுக்கச் சுலபம்.

பழ மரம் தொட்டியில் வருமா?

வரும், ஒட்டுக்கன்றோ பதியனோ வாங்கினால். எலுமிச்சை, கொய்யா, மாதுளை, அத்தி ஆகியவை 50 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் பல வருடம் வாழும். மாங்கொட்டை போட்டால் காய்க்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும், தாய் மரத்தின் சுவை வரும் என்ற உறுதியும் இல்லை. அவசரம் என்றால் பப்பாளி. வெப்பமான ஊர்களில் ஒரு வருடத்துக்குள் பழம் தந்துவிடும். குளிர் ஊர்களில் ஸ்ட்ராபெரிதான் அந்த இடத்தில்.

பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்தா?

இல்லை. வைட்டமின் சி சூட்டிலும் தண்ணீரிலும் குறையும், அதற்குப் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது. ஆனால் தக்காளியின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைகோபீன், சிறிது எண்ணெயோடு சமைத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். கேரட்டும் அப்படியே. கீரையில் உள்ள இரும்புச்சத்து கூடுதலாகச் சேர, அதே வேளையில் எலுமிச்சையோ ஆரஞ்சோ சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகவும் சாப்பிடுங்கள். வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டாதீர்கள்.

பழத்தைச் ஜூஸாகக் குடித்தால்?

பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள். பிழிந்து வடிகட்டும்போது நார் போய்விடுகிறது, சர்க்கரை விடுதலை ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளோடுதான் சேர்க்கிறது. மூன்று ஆரஞ்சை ஒரே மூச்சில் குடித்துவிடலாம், சாப்பிட்டால் ஒன்றரையிலேயே போதும் என்று தோன்றும்.

உறைய வைத்த காய்கறி வாங்கலாமா?

தயங்காமல் வாங்கலாம். பறித்துச் சில மணி நேரத்தில் கொதிநீரில் முக்கி உறைய வைப்பதால், நாட்கணக்கில் பயணம் செய்த ‘புதிய’ பட்டாணியைவிடச் சில சமயம் அதுவே மேல்.

குழந்தை காயைத் தொடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

கட்டாயப்படுத்தாதீர்கள், கைவிடவும் வேண்டாம். குழந்தைகள் புதிய சுவையை ஏற்கப் பல முறை சந்திக்க வேண்டும், எட்டு முதல் பதினைந்து முறை வரைகூட ஆகலாம். பெரும்பாலான பெற்றோர் மூன்றாவது முறையிலேயே ‘இதற்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு துண்டு வையுங்கள், சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். ‘காயைச் சாப்பிட்டால் மிட்டாய் தருகிறேன்’ என்பது மட்டும் வேண்டாம். மிட்டாய்தான் பரிசு, காய் தண்டனை என்று குழந்தை புரிந்துகொள்ளும்.

அப்புறம், ஒரு தொட்டியைக் குழந்தைக்கே கொடுங்கள். விதையை அது போடட்டும், தண்ணீரை அது ஊற்றட்டும், பெயர் எழுதிய குச்சியை அது நடட்டும். பட்டாணியோ குட்டித் தக்காளியோ மிகவும் ஏற்றவை, பறித்து அப்படியே கழுவி வாயில் போடலாம். பீன்ஸைத் தட்டிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்த ஒரு பிள்ளை, தன் கொடியில் காய்த்த முதல் பீன்ஸை யாருக்கும் தரமாட்டேன் என்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களும் அதே காயைச் சாப்பிடுவதைக் குழந்தை பார்க்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாராவது எச்சரிக்கையாக இருக்க வேண்டுமா?

ஆமாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடு இருக்கலாம். வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைப் பாதிக்கும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலை, பீட்ரூட் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர்கள் எல்லோரும் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழத்தை முழுவதுமாக ஒதுக்க வேண்டியதில்லை, அளவும் நேரமும் பார்த்து முழுப் பழமாகச் சாப்பிடலாம்.

எப்படிக் கழுவுவது?

ஓடும் தண்ணீரில், கையால் தேய்த்து. சோப்பு வேண்டாம். நறுக்கிய பிறகு கழுவினால் சத்தும் சேர்ந்து போகும், முழுதாகக் கழுவிவிட்டு நறுக்குங்கள்.

ஒரே சமயத்தில் நிறையக் காய்த்துவிட்டால்?

கீரையைப் பழங்களோடு வைக்காதீர்கள். ஆப்பிள், வாழை, தக்காளி பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு இலைகளைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். தக்காளியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும், வெளியிலேயே இருக்கட்டும். அடுத்த முறை எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல், பத்து நாளுக்கு ஒரு கைப்பிடி என்று பிரித்து விதையுங்கள். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது நாலு விதையையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுங்கள்.

காயை எப்போது பறிப்பது? இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று விடலாமா?

விடாதீர்கள். வெண்டை ஒரு நாள் தாமதித்தாலே நார் ஏறிவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். பீன்ஸ், வெள்ளரி, கத்தரி எல்லாம் பிஞ்சாக இருக்கும்போதே பறியுங்கள். ஒரு காய் முற்றி விதையானால், வந்த வேலை முடிந்தது என்று செடி பூப்பதைக் குறைத்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கத்தரிக்கோலோடு போங்கள், விதைக்கு மட்டும் நல்ல காயாக ஒன்றை நூல் கட்டி அடையாளம் வைத்து விட்டுவிடுங்கள்.